எதிர்வீட்டு வடிவு

கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலுக்குக் காட்டிவிட்டு, அது உப்பாகும் வரை காத்திருப்பதையே தொழிலாகவும் குணமாகவும் கொண்ட வெள்ளோடைப் பட்டினத்தில், செக்கடித் தெருவின் கிழக்கு வரிசையில் குடியிருந்த அணைஞ்சபெருமாள் என்னும் அச்சோவியர், ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தம் மகள் முத்துவடிவைப் பங்குனி வெயிலில் காகிதத்தில் அச்செடுத்தபோது, அந்தப் பெண் காகிதத்தில் நில்லாமல் எழுந்து, பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய், அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்த உலகம்மாளிடம், "அம்மா, பசிக்குது" என்றாள்.

உலகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். செத்த பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும். பாடையின் பின்னால் தெருமுனை வரை நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் பசி என்று வாசலில் நிற்கும் பிள்ளையிடம், நீ செத்தவளா இருப்பவளா என்று விசாரித்துவிட்டுச் சோறு போடும் வழக்கம் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. ஆகவே அவள் தட்டைக் கழுவினாள்.

அணைஞ்சபெருமாள் எவரிடமும் பாடம் கேட்டவர் அல்லர். படகுகளுக்குப் பெயரும் கடைகளுக்குப் பலகையும் எழுதிப் பிழைத்தவர், ஒருநாள் ஈரச் சாயத்தின்மேல் தவறி விழுந்த காகிதத்தை எடுத்துப் பார்த்து, எழுதியவனின் கை தொடாமலே எழுத்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரும் அதிசயத்தில் மனம் பறிகொடுத்து, அன்றுமுதல் அச்சுக்கே அடிமையானார். கரும்புச் சாறு பிழியும் பழைய இயந்திரத்தின் உருளைகளைக் கழற்றி, சக்கரம் பூட்டி, கம்பளி விரித்து, தாமே ஓர் அச்சுப்பொறி செய்துகொண்டார். பனம்பலகையின் நரம்பையும், வாழைமட்டையின் அறைகளையும், காரப்பொடி மீனின் செதிலையும், கரையொதுங்கிய கணவாய் ஓட்டையும், தகரத்தையும், தாரையும், மெழுகையும், எது கையில் அகப்பட்டாலும் அதில் மை தடவி, ஈரக் காகிதத்தை வைத்து, சக்கரத்தைச் சுற்றி, காகிதத்தைத் தூக்கிப் பார்க்கும் அந்த ஒரு கணத்துக்காகவே உயிர் வாழ்ந்தார். டீக்கடைப் பிச்சுமணி அவரைக் காணும்போதெல்லாம், தம் கடை வடையையும் ஓர் அச்சு எடுத்துத் தரும்படியும், தின்றால் தீர்ந்துபோகும் வடை காகிதத்தில் நின்றால் நாளைக்கும் விற்கலாமே என்றும் கேட்டுச் சிரிப்பார்.

மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்ததால், வடிவு பட்டறையிலேயே வளர்ந்தாள். மைக்கறை படிந்த விரல்களே அவளுக்குச் சடை பின்னின. பட்டறைத் தரையில் தகட்டுச் சீவல்கள் கிடக்கும் என்பதால், உள்ளே வரும்போதெல்லாம் அவள் அப்பாவின் எதிரே வந்து, அவருடைய இரண்டு பாதங்களின்மேலும் தன் பாதங்களை வைத்து ஏறிக்கொண்டு, இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அவர் அவளையும் சுமந்துகொண்டு மைக்கல்லுக்கும் பொறிக்கும் இடையே நடப்பார். சிறுவயதில் சங்கு கிழித்த தழும்பு ஒன்று அவளுடைய வலது உள்ளங்காலில் மேடிட்டிருந்தது. எதிரெதிரே நிற்பதால் அது அவருடைய இடது புறங்காலில் உறுத்தும். அந்த உறுத்தலோடு நடப்பதுதான் அவருடைய உலகத்தில் நடை என்று பெயர் பெற்றது.

எதிர்வீட்டோடு பேச்சு நின்றுபோனது அமிலத்தால். தகட்டை அரிப்பதற்கு அவர் வைத்திருந்த அமிலத்தின் புகை தெருவைக் கடந்து, உலகம்மாளின் கறிவேப்பிலை மரத்தைக் கருக்கிற்று. கணவன் கப்பலேறிப் போய் எந்தத் துறையிலும் இறங்காமலே மறைந்த பிறகு, அவள் தண்ணீர் ஊற்றிப் பேசிவந்தது அந்த மரத்தோடுதான். கருகிய கொப்பை ஒடித்துவந்து அவருடைய வாசலில் போட்டு, "அண்ணாச்சி, ஒங்க படத்துக்கு மூச்சு முட்டுச்சுன்னா ஒங்க வீட்டுக்குள்ள முட்டட்டும். என் மரத்துக்கு ஏன் முட்டணும்?" என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்ததனாலேயே அவருக்குக் கோபம் வந்தது. பிள்ளை பெறாதவளுக்கு மரத்தின்மேல் இவ்வளவு பாசமா என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். அவள் கொப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அன்றிரவு வடிவு, "அமிலம் வேண்டாம்ப்பா, அந்த மரம் பாவம்ப்பா" என்று கெஞ்சியதற்கு, பார்க்கலாம் என்றார். பார்ப்பதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. காய்ச்சலின் கடைசி நாளில் அவள், "கால் சில்லுன்னு இருக்குப்பா" என்றாள். அவர் இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்துக்கொண்டிருந்தபோதே அது வெறும் காலாயிற்று.

அதன் பிறகுதான் அவர் அமிலக் குடுவையை ஊருக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்தார். அளத்திலிருந்து உப்பும், நாட்டு மருந்துக் கடையிலிருந்து மயில்துத்தமும் வாங்கிவந்து நீரில் கரைத்து, புகையே இல்லாமல் அலுமினியத் தகட்டை அரிக்கும் பக்குவம் கண்டார். கருப்பட்டிப் பாகில் கரியைக் குழைத்துத் தகட்டில் வரைந்து, மேலே மெழுகு பூசி, இளஞ்சூட்டு நீரில் இட்டால், வரைந்த இடத்துக் கருப்பட்டி கரைந்து மெழுகைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். பெயர்ந்த இடத்தை உப்புநீர் கடிக்கும். கடித்த பள்ளத்தில் மை தங்கும். அப்படி ஒரு தகட்டில், மகள் கேட்டபடியே அமிலமின்றி, மகளையே வரைய உட்கார்ந்தார்.

அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பிவரும் என்பதை அச்சுக்காரன் தூக்கத்திலும் மறப்பதில்லை. தகட்டில் திருப்பி வரைந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். வாழ்நாளெல்லாம் தம் கையெழுத்தைக்கூடத் திருப்பியே போட்டுப் பழகிய அணைஞ்சபெருமாளுக்கு, அன்று மட்டும் அந்த முகத்தைத் திருப்ப மனம் வரவில்லை. எதிரில் வந்து நின்றால் எப்படி நிற்பாளோ அப்படியே வரைந்தார். புன்னை எண்ணெயில் குழைத்த மையைத் தடவி, சக்கரத்தைச் சுற்றி, காகிதத்தைத் தூக்கினார்.

அவள் திரும்பி வந்தாள். அதாவது, உயிரோடும் வந்தாள், இடம் வலம் திரும்பியும் வந்தாள். இடது கன்னத்து மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. வலது உள்ளங்காலின் தழும்பு இடது உள்ளங்காலுக்குப் போயிருந்தது. கிழக்கு வரிசையில் இருந்த வீடு அவளுக்குள் மேற்கு வரிசைக்கு மாறியிருந்தது. கை நீட்டிய தகப்பனைக் கடையில் நிற்கும் அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்து, வழி விட்டு ஒதுங்கி, தன் வீட்டுக்குப் போனாள். தகடு பளபளவென்று வெறுமையாகக் கிடந்தது. அதில் இன்னோர் அச்சுக்கு ஒரு கோடும் மிஞ்சவில்லை. காகிதத்தில் மட்டும் அவளுடைய உருவம், கடல்காற்றின் ஈரத்தால் மை உலராமல், இப்போதுதான் அழுது முடித்த முகம்போல மினுமினுத்துக்கொண்டிருந்தது.

செக்கடித் தெரு இதைப் பழகிக்கொள்வதற்கு அதிகக் காலம் எடுத்துக்கொள்ளவில்லை. அளத்தில் நீர் உப்பாவதை அன்றாடம் பார்க்கிறவர்கள் அவர்கள். முதலில் பெண்கள் வந்து, வடிவின் தாடையைத் தொட்டுப் பார்த்து, சூடு இருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, கையோடு கொண்டுவந்த பலகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் இடக்கையால் உண்பதைக் கண்டு ஒருத்தி முகம் சுளித்தபோது, அவளுக்கு அதுதான் சோற்றுக்கை என்று இன்னொருத்தி விளக்கினாள். அம்மன் கோவிலில் எல்லோரும் வலம் வர அவள் மட்டும் எதிரே வந்து எல்லோர் மேலும் மோதியதால், பூசாரி சற்றே யோசித்து, கூட்டம் கலைந்த பின் அவள் தனியாகச் சுற்றிக்கொள்ளலாம் என்றும், அம்மனுக்கு எந்தப் பக்கமும் முதுகு இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவள் வலமிருந்து இடமாக எழுதினாள். தலைமையாசிரியர் சட்டைப்பையில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு, அதில் காட்டிப் படித்து, எழுத்துப்பிழைக்குக் குறைக்க வேண்டியதைக் குறைத்தே மதிப்பெண் போட்டார். இடுகாட்டுக் காவலாளி மட்டும், அந்தக் குழியை என்ன செய்வது என்று கேட்டு அனுப்பினான். யாரும் பதில் சொல்லாததால் அதன்மேல் துளசி நட்டான்.

பிறகு, இறந்தவர்களின் நிழற்படங்களோடு அணைஞ்சபெருமாளின் வாசலில் கூட்டம் நின்றது. மாமியாரைக் கேட்டவர்களும், மாமியாரைத் தவிர வேறு யார் வந்தாலும் சரி என்றவர்களும் இருந்தார்கள். அவர் மறுக்காமல் எல்லாரையும் கருப்பட்டியில் வரைந்து, உப்பில் கடிக்கவிட்டு, அச்செடுத்துக் கொடுத்தார். நல்ல படங்களாகவே வந்தன. படங்களாக மட்டுமே வந்தன. ஜனங்கள் அவற்றைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். மகளையே மீண்டும், இம்முறை முறைப்படி திருப்பி, எத்தனையோ தகடுகளில் வரைந்து பார்த்தார். அவையும் சுவரில் சாய்ந்து நின்றன.

பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு எழாமல் இல்லை. வரைந்தவருக்கே சொந்தம் என்றனர் சிலர். அவள் கூப்பிடுகிற இடத்துக்கே சொந்தம் என்றனர் சிலர். ஒரு மாலையில் தெரு கூடியது. உலகம்மாள் வந்து ஓர் ஓரமாக நின்றாள். அணைஞ்சபெருமாள் எதிர் ஓரத்தில் நின்றார். முன்பு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருவருக்கும் நடுவே தரையில் கிடந்தது. எந்த வீட்டில் நின்று பசிக்குது என்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளை என்று முடிவாயிற்று. கூட்டம் கலையும்போது பிச்சுமணி, குறும்பென்றும் சொல்ல முடியாத, குறை என்றும் சொல்ல முடியாத குரலில் சொன்னார்.

"அப்பன் எந்நேரமும் தகட்டையே பாத்துக்கிட்டிருந்தா பிள்ளை வேற எங்க போவும், அண்ணாச்சி? தகட்டுல கோளாறோ, அது மனசே அங்கதான் இருந்துச்சோ, யாரு கண்டா?"

அந்தச் சொல் அவருக்குள் இறங்கி, உப்புநீர் தகட்டைக் கடிப்பதுபோல, ஓசையின்றி, புகையின்றி, ஆழமாகக் கடித்தது. தம் கைப்பிழையால் மகள் திசைமாறிப் போனாளா, அல்லது உயிரோடு இருந்த நாளிலேயே, பட்டறை வாசலில் நின்று எதிர்வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? முதலாவதானால் அது அச்சுக்காரனின் தவறு, தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதானால் தகப்பனின் தவறு. அவருக்கு மகள் வேண்டும் என்பதைவிட, மகளுக்குத் தாம் வேண்டியிருந்தோமா என்று தெரியவேண்டும் என்பதே பசியாக வளர்ந்தது. எதிரே, உலகம்மாள் அந்தச் சடையை வலமிருந்து இடமாகப் பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். அமிலம் நின்றபின் கறிவேப்பிலை மரமும் துளிர்த்திருந்தது.

ஒரு வழி இருந்தது. உலராத அச்சின்மேல் இன்னோர் ஈரக் காகிதத்தை வைத்துப் பொறியில் ஓட்டினால், மை அதில் ஏறி, திரும்பியது மறுபடியும் திரும்பி, நேராகிவிடும். எதிர்ப்படி என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஆனால் எதிர்ப்படிக்குத் தனி மை கிடையாது. முதல் அச்சின் மையைத்தான் அது பிய்த்து எடுத்துக்கொள்ளும். ஒன்று வெளுக்காமல் மற்றொன்று நிறம் பெறாது. பெறும் நிறமும் பாதிதான்.

பல நாள் தயங்கியவர், ஆடிக்காற்று மணலை வாரி இறைத்த ஒரு பிற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் அச்சைப் பொறியில் கிடத்தி, மேலே வெள்ளைக் காகிதம் வைத்து, கம்பளி போர்த்தி, சக்கரத்தைப் பிடித்தார். காகிதம் கால் பக்கமாக உருளைக்குள் நுழைந்தது. சிறிதே சுற்றியிருப்பார்.

பட்டறைத் தரையில் இரண்டு கால்கள் நின்றன.

கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. வெளிறிய, சாம்பல் நிறக் கால்கள். அவை சற்றுத் தயங்கின. பிறகு தகட்டுச் சீவல்களை ஒதுக்கி, அவருக்கு நேரே நடந்துவந்து, அவருடைய பாதங்களின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி நின்றன. அவருடைய இடது புறங்காலில் அந்தத் தழும்பு உறுத்தியது.

அவர் கேட்க நினைத்ததற்கு விடை அதுதான். இன்னும் கொஞ்சம் சுற்றினால் முழங்கால் வரும். பிறகு பாவாடையும், இடுப்பைக் கட்டிக்கொள்ளும் கைகளும், இடது கன்னத்து மச்சமும், அப்பா என்று கூப்பிடும் வாயும் வரும். சக்கரத்தின் மேல் அவர் கை இறுகியது.

அப்போது கதவு திறந்தது. உலகம்மாள் நின்றாள். கருகிய கொப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனவள் அதன்பின் அன்றுதான் அந்த வாசலை மிதித்தாள். அவள் தோளில் வடிவு கிடந்தாள். அவளுடைய பாவாடைக்குக் கீழே கால்கள் கண்ணாடிபோல் வெளுத்து, அவற்றின் ஊடே தெருமணல் தெரிந்தது.

"கால் சில்லுன்னு இருக்கும்மா" என்றாள் வடிவு, நடுங்கிக்கொண்டே.

உலகம்மாள் பொறியைப் பார்த்தாள். அவருடைய பாதங்களின்மேல் நின்ற கால்களையும் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றாள், மிகவும் மெதுவாக. "ஒங்க பிள்ளைதான். நான் இல்லைன்னு சொல்லலை. எடுக்கிறதுன்னா முழுசா எடுத்துக்கோங்க. நான் வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கிடுதேன். இப்படிப் பாதி பாதியா மட்டும் எடுக்காதீங்க. பிள்ளை பயப்படுதா."

முழுதாக எடுக்கும் வித்தை எந்த அச்சிலும் இல்லை என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. வடிவு அவரைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தை உலகம்மாளின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். அவருடைய பாதங்களின்மேல் அந்தக் கால்களோ, நடக்கத் தொடங்குங்கள் அப்பா என்பதுபோல், விரல்களை ஊன்றி ஊன்றி எடுத்தன.

அவர் நடந்தார். மைக்கல் வரை ஒரு நடை, பொறி வரை ஒரு நடை. அதற்கு மேல் வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, சக்கரத்தை மறுபக்கமாகச் சுற்றினார். முதலில் பாரம் குறைந்தது. பிறகு குளிர்ச்சி குறைந்தது. கடைசியாகத் தழும்பின் உறுத்தல், எங்கே நின்றது எங்கே இல்லாமற்போனது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, மெல்ல நின்றது. உலகம்மாளின் தோளிலிருந்து வடிவு இறங்கித் தரையில் நின்றாள். கால்கள் திரும்பி வந்திருந்தன, முன்னைவிடச் சற்றே வெளிறி.

அன்று மாலை அவர் அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்து, மகளின் அச்சின்மேல் தலைமுதல் கால்வரை தூவி, மையின் எண்ணெய் முழுவதையும் உறிஞ்சவிட்டு, கரி மூட்டத்தின் மேலே காட்டி உலர்த்தினார். உலர்ந்த மை வேறெந்தக் காகிதத்துக்கும் வராது. இனி அவரே நினைத்தாலும் அவளை அங்கிருந்து எடுக்க இயலாது. வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அதன் கீழோரத்தில் ஒரு சுவடும் இல்லை. ஆயினும் அதை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை.

பட்டினம் இதையும் பழகிக்கொண்டது. பிச்சுமணி வடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, அவருடைய டீயில் சொல்லாமலே சர்க்கரை கூட்டிப் போட்டார்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள், கைநிறையக் கறிவேப்பிலைக் கொத்தோடு வடிவு பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"எதிர்வீட்டு மாமா, எங்கம்மா குடுத்துட்டு வரச் சொன்னா."

அவர் வாங்கிக்கொண்டார். வாசமாக இருக்கிறது என்றார். அவள் போகாமல், தரையில் கிடந்த தகட்டுச் சீவல்களையும் அவருடைய பாதங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மாமா, ஒங்க கால் மேல ஏறி நிக்கட்டா?"

"எதுக்கும்மா?"

"தெரியல மாமா. இங்க வந்தா கால் கேக்குது."

அவர் தலையசைத்தார். அவள் எதிரே வந்து, பழகிய கால்களோடும் பழகாத கைகளோடும் ஏறி நின்றாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவருடைய சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தழும்பு இப்போது வலது புறங்காலில் உறுத்தியது. எந்தப் பக்கம் உறுத்தினால் என்ன என்று அவர் நினைக்க முயன்றார். முயன்றுகொண்டே, ஒவ்வோர் அடியாக, அவளைச் சுமந்து வாசற்படி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு எழுந்து நின்ற உலகம்மாளின் முன்னால் கொண்டுபோய், இறக்கிவிட்டார்.